கடைமடை வரை

மார்கழி கடைசி வாரத்தில் ஒரு நாள், விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கல்லணைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் கேட்டது. திருச்சிப் பக்கமிருந்து வரும் காவிரி இந்த இடத்தில் நான்காகப் பிரிகிறது. கிழக்கே பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் கொள்ளிடம், அடுத்துக் காவிரி, அதற்கடுத்து வெண்ணாறு, வலக்கைக் கோடியில் கல்லணைக் கால்வாய். முதல் மூன்றும் காலங்காலமாக ஓடிப் பழகிய ஆறுகள். நான்காவது மண்வெட்டியால் வெட்டிய ஆறு. மேட்டூர் அணைத் திட்டத்தின் ஒரு பகுதியாக வெட்டி, அணை முடிந்த 1934ஐ ஒட்டிப் பாசனத்துக்கு விட்டார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் அன்றைக்கு அதற்குப் புது ஆறு என்று பெயர் வைத்தார்கள். பேச்சில் புதாறு. தொண்ணூறு வயது ஆன பிறகும் அது புதாறுதான்.

அந்த ஆற்றை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரில் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் ஓடுகிறதே, அந்த ஆறு. அதன் பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனேன், சந்தைக்குப் போனேன், ரயிலடிக்குப் போனேன். ஆடிப் பதினெட்டுக்கு அம்மா அதன் படித்துறையில் காப்பரிசி வைத்துக் கும்பிடுவாள். ஆனாலும் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பாலத்தின் அகலம்தான். நாம் எல்லோருமே கால்வாயைக் குறுக்கே கடக்கிறோம். நெடுக்கே போகிறவர்கள் யாரும் இல்லை. தண்ணீர் எங்கிருந்து கிளம்பி எங்கே போய் முடிகிறது என்று கேட்டால் பத்திரிகையில் படித்ததைச் சொல்வோம். நான் அதைக் கரையோடு போய்ப் பார்த்துவிட ஆசைப்பட்டேன். தலைப்பிலிருந்து கடைமடை வரை ஏறத்தாழ 148 கிலோமீட்டர். காரில் போனால் கரையில் பல இடங்களில் நுழைய முடியாது. நடந்தால் ஒரு வாரம் ஆகும். சைக்கிள்தான் இதற்குச் சரி.

என்னிடம் இருப்பது அப்பா ஓட்டிய ஹெர்குலிஸ். அதற்கு 28க்கு ஒன்றரை டயர். அங்குலக் கணக்கில் ஒன்றரை என்றால் மில்லிமீட்டரில் 40க்குப் பக்கம் வரும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது உலகமெங்கும் கிராவல் பைக் என்ற பெயரில் ஒரு சைக்கிள் வகை பரவியிருக்கிறது. தார் போடாத சாலைக்கென்றே செய்தது. அதன் டயர் பெரும்பாலும் 35 மில்லிமீட்டரிலிருந்து 45 வரை இருக்கும். மெல்லிய டயர் சரளையில் குதிக்கும், மண்ணில் புதையும். கொஞ்சம் அகலமாக இருந்து, காற்றையும் கொஞ்சம் குறைத்து வைத்தால் டயர் கல்லின் மேல் அமுங்கிக்கொடுத்துப் போகும். பால்காரரும் தபால்காரரும் மண்பாதையில் ஓட்டிய சைக்கிளுக்கு நம் ஊரில் அந்த அகலம் முன்பே அமைந்திருந்தது. கிராவல் என்ற சொல்லுக்கும் நாம் புதியவர்கள் அல்ல. மனைக்கு ரெண்டு லோடு கிராவல் அடிக்கணும் என்று சொல்லாத கொத்தனார் உண்டா?

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா என்ற ஊரில் 2006இல் 34 பேர் சேர்ந்து, பண்ணைகளுக்கு நடுவே போகும் கப்பிச் சாலைகளில் 200 மைல் பந்தயம் ஒன்று ஓட்டினார்கள். அதை இன்று உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் தேடிப் போகிறார்கள். 2022இல் இதற்கென்று முதல் உலகச் சாம்பியன் போட்டியே நடந்தது. வட இத்தாலியில் விசென்சாவில் தொடங்கிச் சித்தடெல்லாவில் முடிந்த அந்தப் பந்தயத்தில் பெல்ஜியக்காரர் ஜான்னி வெர்மீர்ஷ் ஜெயித்தார். வேகத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆனால் அந்த வீரர்களை இழுப்பதும் என்னை இழுப்பதும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். லாரி இல்லாத சாலை, டயருக்கடியில் மண்ணின் சத்தம், இரண்டு பக்கமும் விளைகிற நிலம்.

பூதலூர் வட்டத்துக்குள் நுழைந்தபோது பொழுது விடிந்திருந்தது. ஏதோ ஒரு கோயிலில் மார்கழிப் பாட்டு முடிந்து, ஒலிபெருக்கியை நிறுத்தும் கரகரப்புக் கேட்டது. கரையின் மேல் தேக்கு மரங்கள். டெல்டாவின் ஆற்றங்கரைகளில் வனத்துறை வைத்து வளர்த்த தேக்கு இது. முறம் அகலத்துக்கு இருக்கும் அதன் இலைகள் உதிர்ந்து பாதையை மூடியிருந்தன. பனியில் நனைந்த சருகு சத்தம் போடாது. எட்டு மணிக்கு மேல் வெயில் பட்டுக் காய்ந்ததும் ஒவ்வொரு மிதிக்கும் அப்பளம் நொறுங்குகிற ஓசை எழுந்தது. அந்த ஓசையைக் கேட்டு மீன்கொத்தி ஒன்று ஒவ்வொரு மரமாக எனக்கு முன்னால் பறந்துகொண்டே வந்தது. ஒரு கிலோமீட்டர் வரை வந்திருக்கும்.

இந்தப் பாதை எதற்காக உண்டானது என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன். ஐரோப்பாவில் கால்வாய்க்கரைப் பாதைகள் படகு இழுப்பதற்காக வந்தவை. பிரான்சில் 1681இல் முடித்த மிதிக் கால்வாய், 240 கிலோமீட்டர். அதன் கரையில் குதிரை நடக்கும், கயிற்றின் மறுமுனையில் படகு வரும். குதிரை போன பிறகு பாதை மிஞ்சியது. இன்று அதில் சைக்கிள் ஓடுகிறது. நம் பாசனக் கால்வாய்க் கரை அப்படி வந்ததல்ல. வெட்டிய மண்ணை இருபுறமும் கொட்டியதில் கரை வந்தது. அந்தக் கரை உடையாமல் இருக்கிறதா என்று ஒருவர் தினமும் பார்த்துவர வேண்டியிருந்ததால் பாதை வந்தது. அங்கே இழுப்பதற்கு, இங்கே பார்ப்பதற்கு. கரைப்பாதை என்பது கால்வாயின் கண். இதை நான் அப்போது புத்தியால் எண்ணியதுதான். மத்தியானம் ஒருவர் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

டெல்டா எவ்வளவு சமம் என்பது தார்ச் சாலையில் போனால் உறைக்காது. தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். நாகப்பட்டினத்துக் கடல் நேர்கோட்டில் 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கிலோமீட்டருக்கு முக்கால் மீட்டர்தான் சரிவு. இந்தச் சரிவைக் கண் அறியாது, கால் அறியாது. தண்ணீருக்கு மட்டும் தெரியும். புதாற்றை வெட்டியவர்கள் அந்தச் சரிவைக்கூட மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பழைய டெல்டாவின் தெற்கே, காவிரியும் வெண்ணாறும் ஏற முடியாத மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். அதனால் கால்வாய் மேட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே போகிறது. கரையில் போகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். இடக்கைப் பக்கம் வயல் நம் காலுக்குக் கீழே விரிந்து கிடக்கிறது. வலக்கைப் பக்கம் நிலம் மெல்ல மேலேறி வல்லத்துச் செம்மண் மேடாகிறது. அந்த மேட்டு மழைநீர் கிழக்கே கடலுக்குப் போகிற வழியில் கால்வாய் குறுக்கிடுகிறது. அதனால் காட்டோடையைச் சுரங்கம்போல அடியில் விட்டு, மேலே கால்வாயைக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு தண்ணீரின் மேல் இன்னொரு தண்ணீர் போகிற அப்படிப்பட்ட இடம் ஒன்றில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மேலே காவிரி, கீழே ஊர் மழை. இரண்டும் கலக்கவில்லை.

சமநிலத்தில் ஏற்றம் கிடையாது, ஆனால் காற்று உண்டு. கல்லணையிலிருந்து தஞ்சாவூர் வரை கிழக்குமுகமாகப் போனபோது வாடைக்காற்று இடப்பக்கக் கன்னத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. தஞ்சாவூருக்குத் தெற்கே கால்வாய் திரும்பியதும் அதே காற்று முதுகுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் மிதித்ததே தெரியவில்லை. கதிர் தலைசாய்ந்த சம்பா வயல்களுக்குள் ஆட்கள் உளுந்து தெளித்துக்கொண்டிருந்தார்கள். அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். வயலில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் மார்கழி, தைப் பனியிலுமே அது முளைத்துக் காய்த்துவிடும். அறுப்பு மிஷின் மேலே ஏறிப்போனாலும் முளை நிமிர்ந்துகொள்ளும். ஒரு சொட்டு ஈரத்தையும் வீணாக்காத இந்த வேளாண்மையைப் பார்த்து நின்றால் நேரம் போவது தெரியாது. எதற்கோ என்னை நிமிர்ந்து பார்த்த ஒரு பெண், "தண்ணி எப்பங்க நிறுத்துறாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். சைக்கிளில் கரையோடு வருகிறவன் தண்ணீர்க் கணக்குத் தெரிந்தவனாகத்தான் இருப்பான் என்பது அவர் எண்ணம். அந்த இரண்டு நாளில் அந்தக் கேள்வியை எட்டுப் பத்துப் பேராவது கேட்டார்கள்.

ஒரத்தநாடு தாண்டி முன்சக்கரம் இறங்கிவிட்டது. சீமைக் கருவை முள். கரையின் உள்சரிவு முழுக்க அது மண்டியிருக்கிறது. வெட்டிப் போடுகிறவர்கள் கிளையைப் பாதையிலேயே விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு மதகு இருந்தது. அதன் வெளிப்பக்கம் வாய்க்கால் தொடங்கும் இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழிபோலத் தண்ணீர் தேங்கித் தெளிந்திருந்தது. டயரை ஒருபக்கம் கழற்றி, டியூபை உருவிக் காற்றடித்து, அந்தத் தண்ணீரில் முழம் முழமாக முக்கிப் பார்த்தேன். வால்வுக்கு நாலு விரற்கடை தள்ளிக் கடுகு கடுகாகக் குமிழி வந்தது. விரலால் அந்த இடத்தை மூடிக்கொண்டு வெளியே எடுத்து, துண்டால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவிவிட்டு, அது காய்வதற்காக ஊதிக்கொண்டிருந்தேன்.

"எந்த செக்‌ஷன்லேர்ந்து வர்றீங்க தம்பி?"

மதகுக் கட்டையின் மேல் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து இருக்கும். பொதுப்பணித்துறை ஆள் என்று என்னை நினைத்துவிட்டார். இல்லை ஐயா, சும்மா கல்லணையிலேர்ந்து கடைமடை வரைக்கும் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன் என்றேன். அவர் முகம் மாறியது. நான் லஸ்கரா இருந்தவன் தம்பி என்றார். பாசனத்துறையில் மதகைத் திறந்து மூடிக் கரையைக் காத்துவருகிற ஆளுக்கு டெல்டாவில் லஸ்கர் என்று பெயர். மண்வெட்டி, டார்ச் லைட், சைக்கிள். மழைக்காலத்தில் இரவில் இந்தப் பாதையில் அவர் போன தூரத்தோடு ஒப்பிட்டால் நான் வந்தது ஒன்றுமே இல்லை.

பேட்ச் ஒட்டி முடித்ததும், வாங்க காட்டுறேன் என்று கையைப் பிடித்துக் கரையின் வெளிப்பக்கச் சரிவுக்கு அழைத்துப் போனார். ஒரு இடத்தில் கோரைப்புல் சுற்றியிருப்பதைவிடக் கொஞ்சம் பச்சையாக இருந்தது. அதில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். வைத்தேன். சில்லென்று இருந்தது, ஈரம் ஒட்டியது. கொஞ்சம் மேலே, விரல் நுழைகிற அளவுக்கு ஒரு நண்டுவளை.

"எல்லாரும் கரையில வந்தா தண்ணியப் பாத்துக்கிட்டே போவாங்க தம்பி. நாங்க தண்ணியப் பாக்க மாட்டோம். வெளிப்பக்கந்தான் பாப்போம். இன்னிக்கு நண்டு போன வழியில நாளைக்குத் தண்ணி போவும். நாளாநாளு உடைப்பு."

களிமண்ணை உருட்டி வளையை அடைத்துக் குதிகாலால் மிதித்தார். அவர் பணி ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிறது. லஸ்கர் வேலைக்குப் போதிய ஆள் போடவில்லை என்று டெல்டா விவசாயிகள் வெகுநாளாகச் சொல்லிவருகிறார்கள். எனக்கு அந்த நண்டுவளை ஒன்றே போதுமான சாட்சி. உடைப்பு எடுத்த பிறகு நூறு பேர் மணல்மூட்டை அடுக்குவதைச் செய்தியில் காட்டுகிறோம். உடைப்பு எடுக்காமல் காத்தவரைப் பற்றி ஒரு வரி வராது. அவர் செய்த வேலை முழுவதும் ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

அவரிடம் விடைபெற்றுக் கிளம்பியதிலிருந்து நான் ஓட்டிய விதமே மாறிவிட்டது. தண்ணீரைப் பார்ப்பதை விட்டுவிட்டு வெளிச்சரிவைப் பார்த்தேன். மாடு இறங்கி இறங்கிக் கரை கரைந்த இடம், எருக்குழி தோண்டியிருந்த இடம், யாரோ குழாய் புதைத்துத் தண்ணீர் உறிஞ்சும் இடம், கோழிக்கழிவை மூட்டையாகக் கொட்டியிருந்த இடம். இந்த அசிங்கங்களுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஆள் நடமாட்டம் உள்ள ஊர்ப் பாலத்தருகே இவை குறைவு. பாதை கருவை மண்டி அடைபட்ட இடங்களில்தான் அதிகம். கண் போகாத இடத்துக்குக் குப்பை போகிறது.

நடுவில் ஒரு பகுதியில் கால்வாயின் தோற்றமே வேறாக இருந்தது. மண்சரிவு இல்லை, மணல்படுகை இல்லை. இருபுறமும் அடியிலும் சிமென்ட். புனரமைப்புத் திட்டத்தில் போட்டது. சுமார் 2,640 கோடி ரூபாய்த் திட்டம். 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். மண்தரையில் ஓடும் தண்ணீருக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. சிமென்டில் அது இல்லை. வழுக்கிக்கொண்டு வேகமாகப் போகிறது. படித்துறை இல்லாத நீளமான ஓரிடத்தில் ஓர் ஆடு இறங்கத் தெரியாமல் சரிவின் விளிம்பில் நின்றுகொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடித்தளத்துக்குச் சிமென்ட் போடக் கூடாது என்று பூதலூர், ஒரத்தநாடு பக்கம் விவசாயிகள் போராடினார்கள். ஆற்றுமணலில் இறங்கும் தண்ணீர்தான் எங்கள் கிணற்றுக்கும் போருக்கும் ஊற்று, அதை அடைத்துவிடாதே என்றார்கள். பொறியாளர்கள் சொன்னது வேறு. வழியிலேயே இவ்வளவு தண்ணீர் மண்ணுக்குள் போனால் கடைமடைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்றார்கள். வீட்டில் உட்கார்ந்து படித்தபோது நான் முழுக்க முழுக்க முதல் கட்சி. மரமும் மணலும் உள்ள கரையை நேசிக்கிறவன் வேறு எந்தக் கட்சியில் இருப்பான்? ஆனால் என் பயணம் ஒரத்தநாட்டோடு முடியவில்லை.

இரவு பட்டுக்கோட்டையில் தங்கிவிட்டு மறுநாள் கிளம்பினேன். அங்கேயே கால்வாய் இளைத்துவிட்டிருந்தது. கல்லணையில் விநாடிக்கு 4,000 கனஅடிக்கு மேல் கொள்ளும்படி வெட்டிய ஆறு, கல்யாண ஓடைக்கும் ராஜாமடம் வாய்க்காலுக்கும் எண்ணற்ற மதகுகளுக்கும் பிரித்துக் கொடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு பத்துக் கிலோமீட்டருக்கும் ஒடுங்கிக்கொண்டே வருகிறது. தண்ணீரைப் பங்கு வைப்பது என்றால் என்ன என்று அந்த ஒடுக்கத்தைக் கரையோடு பார்த்தால்தான் புரியும். வரைபடத்தில் அது ஒரே தடிமனில் ஒரு நீலக் கோடு. மண்ணும் மாறிவிட்டது. முதல் நாள் கறுத்த வண்டல், நனைந்த இடத்தில் பிரேக்கில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்தியது. இங்கே செம்புறைச் சரளை. கடுகும் மிளகும் கலந்த மாதிரிச் சின்னச் சின்ன உருண்டைக் கற்கள், டயர் பட்டதும் இருபக்கமும் தெறிக்கின்றன. நெல் குறைந்து தென்னை வந்தது. பேராவூரணியை நெருங்க நெருங்கத் தென்னைதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தத் தோப்புகளைத்தான் சாய்த்துப் போட்டது. இப்போது நிற்பவை பலவும் அதற்குப் பின் வைத்த இளமரங்கள். நடுநடுவே உச்சி முறிந்த பழைய மரம் ஒன்று கம்பம்போல நிற்கிறது.

பேராவூரணிக்கும் அப்பால், ஒரு வாய்க்கால் ஓரத்துக் குடிசை வாசலில் தண்ணீர் கேட்டு நின்றேன். சொம்பில் கொண்டுவந்து கொடுத்த அம்மா, கல்லணையிலிருந்து வருகிறேன் என்றதும் வீட்டுக்குள் பார்த்துக் கணவரைக் கூப்பிட்டார். அவர் வந்து என் சைக்கிளையும் என்னையும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அங்க தண்ணி எவ்வளவு போவுதுங்க?"

இடுப்பளவுக்கு மேலே போகிறது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கல்லணையில பூவும் நெல்லும் தூவுறத டிவியில பாப்போம். பாத்துட்டு நாளை எண்ணிக்கிட்டு உக்காந்திருப்போம். முறை வச்சு விடுறாங்க. எங்க முறை வரும்போது மேல இருக்கவன் மதகு ஒரு சாண் தூக்கிக் கெடக்கும். அவனச் சொல்லி என்ன பண்றது, அவனுக்கும் பயிருதானே."

வாசலில் ஓடிய வாய்க்காலைப் பார்த்தேன். தாண்டிக் குதிக்கிற அகலம். அடியில் ஈரம் இருந்தது, ஓட்டம் இல்லை. நேற்று விடியலில் பனிக்குள்ளிருந்து இரைந்த அந்தத் தண்ணீர்தான் இது, இவ்வளவுதான் மிச்சம் என்பதை மனம் ஏற்க நேரம் பிடித்தது. மேட்டூரைத் திறந்தால் மூன்று நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். அங்கிருந்து இந்த வாசலுக்கு வர எத்தனை நாள் என்பதற்கு யாராலும் உறுதி சொல்ல முடிவதில்லை.

அந்த வாசலில் நின்றபோது என் கட்சி ஆட்டம் கண்டது. இப்போதும் சொல்கிறேன், அடித்தளத்தை முழுக்க அடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் வீணான தண்ணீர் அல்ல. ஆனால் கடைமடையில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகு, சிமென்ட் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிற துணிவும் எனக்கு இல்லை. தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒருவர் வயலை ஒருவர் பார்த்ததில்லை. இருவருக்கும் நடுவே கோப்புகள் மட்டும்தான் போய்வருகின்றன. கரையில் கருவையை வெட்டிப் பாதையை ஒழுங்காக வைத்திருந்தால் ஒருவர் இன்னொருவரைப் போய்ப் பார்க்கலாம்.

இப்படி ஒருவர் கூப்பிட்டு ஊரையே நடக்க வைத்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டனையும் கம்பர்லாண்டையும் இணைக்கும் செசப்பீக் - ஒஹையோ கால்வாய், 184.5 மைல். படகுப் போக்குவரத்து நின்றுபோன அந்தக் கால்வாயின் வழியே நெடுஞ்சாலை போட ஒரு திட்டம் வந்தது. வாஷிங்டன் போஸ்ட் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், எழுதியவரை என்னோடு அந்தக் கரையில் நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்று அதே பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். 1954 மார்ச்சில் பத்திரிகைக்காரர்களும் சேர்ந்துகொள்ள எட்டு நாள் நடந்தார்கள். முழுத் தூரமும் நடந்து முடித்தவர்கள் ஒன்பது பேர். பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது. சாலை வரவில்லை. 1971இல் அது தேசியப் பூங்காவானது. கோவேறு கழுதைகள் படகு இழுத்த அந்தப் பாதையில் இப்போது சைக்கிள் போகிறது. டக்ளஸ் வாதம் செய்து ஜெயித்ததாக நான் நினைக்கவில்லை. நெடுக்கே நடக்க வைத்தார், அவ்வளவுதான்.

அதைப்போல ஒன்று இங்கே நடக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். புதாறு போய் முடிகிற மும்பாலை ஏரி இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில். 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த மாவட்டம் அது. கல்குவாரியில் சரளை உடைத்த பெண்கள், வயல்வேலைப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்னால் பிள்ளை, பின்னால் குடம். கப்பி ரோட்டில் சைக்கிள் விடுவது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கான்சாஸ் அல்ல, அந்தப் பெண்கள்தான். கடைமடையின் கடைசிக் கிலோமீட்டரில், பள்ளிச் சீருடையில் நான்கு பெண்பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிளில் கரைமேல் வரிசையாக எதிரே வந்தார்கள். பாதை ஒருவர் போகிற அகலம்தான். நான் இறங்கி ஒதுங்கி நின்றேன். நான்கு பேரும் மணியடித்துவிட்டுப் போனார்கள். பாட்டிகளில் ஒருத்தியாவது அந்த வருஷங்களில் ஓட்டக் கற்றவளாக இருந்திருப்பாள்.

நீர்வளத்துறைக்கு என் கோரிக்கை பெரிதல்ல. கரைப்பாதைக்குத் தார் வேண்டாம். தார் போட்டால் லாரி வரும், லாரி வந்தால் கரை இறங்கும். செம்புறைச் சரளை அடித்துக் கெட்டித்தாலே போதும், மழைக்காலத்திலும் சைக்கிள் போகும், லஸ்கரும் போவார். சிமென்ட் போடும் இடங்களில் கிலோமீட்டருக்கு ஒரு படித்துறையாவது வையுங்கள், ஆடும் மாடும் மனிதரும் இறங்கட்டும். வெட்டிய மரத்துக்கு மரம் வையுங்கள். லஸ்கர் வேலைக்கு ஆள் போடுங்கள்.

படிக்கிற உங்களுக்கும் ஒன்று. வழக்கப்படி ஜனவரி 28இல் மேட்டூரை மூடிவிடுவார்கள். அதற்கு முன் ஒரு சனி, ஞாயிறு கிளம்புங்கள். புது சைக்கிள் வேண்டியதில்லை, வீட்டில் இருப்பதைத் துடைத்து எண்ணெய் விட்டால் போதும். கல்லணையில் விடியும்போது இருங்கள். முதல் நாள் தண்ணீரைப் பாருங்கள், இரண்டாம் நாள் கரையின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். பம்பும் உப்புத்தாளும் சொல்யூஷனும் நாலைந்து பேட்சும் எடுத்துக்கொள்ளுங்கள். கருவை முள் கடைமடை வரைக்கும் கிடக்கிறது.